ஆண்ட பரம்பரையா? மாண்ட பரம்பரையா?

"ஆண்ட பரம்பரை நாங்கள்!"

சுவரில் எழுதுகின்றனர். திருவிழாத் தட்டியில் எழுதுகின்றனர். மணப்பந்தலின் முகப்பில் எழுதுகின்றனர். இரு சக்கர வண்டியின் முதுகிலும் எழுதி ஊர்வலம் வருகின்றனர். எந்த நாட்டை ஆண்டனர்? எந்த ஆண்டில் ஆண்டனர்? ஆண்ட காலத்தில் எவர் வயிறு நிறைந்தது? கேட்டுப் பாருங்கள், விடை வராது. வாள் வரும், சிங்கம் வரும், மீசை வரும், அவற்றுக்குப் பின்னே வம்பும் வரும்!

அண்மைக் காலத்தில் அந்தத் தட்டிகளில் ஒரு பழைய படம் இடம் பெறத் தொடங்கியிருக்கிறது. காக்கிச் சட்டையும் தலைப்பாகையுமாக விறைத்து நிற்கும் ஒரு மனிதரின் மங்கிய படம். பாட்டனார், அல்லது பாட்டனாருக்குப் பாட்டனார். ஏர் பிடித்தவர், பிறகு துப்பாக்கி பிடித்தவர், உயிரோடிருந்தால் திரும்பி வந்து மறுபடி ஏர் பிடித்தவர். அந்தப் பெரியவரின் கையிலே கணினியின் துணைகொண்டு ஒரு வாளைச் சொருகி, பக்கத்தில் ஒரு சிங்கத்தை நிறுத்தி, தலைக்கு மேலே சாதியின் பெயரைப் பொறித்து, "பார், எங்கள் போர்க்குடியை!" என்று மார்தட்டுகின்றனர்.

முன்னோரைத் தேடுவதை நாம் பழிக்கவில்லை. தேடத்தான் வேண்டும். ஏட்டில் இடம் கிடைக்காதவனின் வரலாறு அவன் வீட்டுத் தகரப் பெட்டியில்தான் கிடக்கிறது. அதைத் திறவாமல் இந்நாட்டு வரலாற்றை எழுதிவிட முடியாது. நாம் எதிர்ப்பது தேடலை அன்று, திரிபை. உழுதவனை ஆண்டவனாக்குவது அவனுக்குச் செய்யும் சிறப்பா? உழுதது இழிவென்று ஒப்புக்கொண்டவன்தானே ஆண்டதாகப் பொய் சொல்லுவான்!

ஆகவே, தோழர்களே, தட்டியை விடுங்கள். வேலூர் லாங் பஜாருக்கு வாருங்கள்.

அங்கே ஒரு மணிக்கூண்டு நிற்கிறது. அதிலே ஒரு கல்வெட்டு. ஆங்கிலத்தில் உள்ள அதன் செய்தி இதுதான்: வேலூர்; இந்தக் கிராமத்திலிருந்து 277 பேர் பெரும்போருக்குச் சென்றனர்; அவர்களுள் 14 பேர் உயிர் நீத்தனர். முதல் உலகப் போரைத்தான் 'பெரும்போர்' என்று குறித்தனர் அன்றைய ஆட்சியாளர்.

'இந்தக் கிராமத்திலிருந்து' என்ற சொல்லைக் கவனியுங்கள். கோட்டையும் சிறையும் பெரிய கடைத்தெருவும் கொண்ட வேலூர் கிராமமாம்! மாகாணத்துச் சிற்றூர்களில் நட்ட கற்களில் எந்த வாசகம் இருந்ததோ அதையே இங்கும் பொறித்துவிட்டனர். ஊரை மாற்று, எண்ணை மாற்று, ஆணியை அடி, முடிந்தது நன்றிக்கடன்!

277 பேர். யார் அவர்கள்? அந்த வாசகம் சொல்லவில்லை. 14 பேர். எவர் மகன், எவர் கணவன், எந்தத் தெரு, எந்த மண்ணில் மாண்டனர்? அந்த வாசகம் சொல்லவில்லை. எண் இருக்கிறது, பெயர் இல்லை.

பெயரே தெரியாதோ அவர்களுக்கு? தெரியும், மிக நன்றாகத் தெரியும்! அந்தப் போரில் பணியாற்றியவனுக்கு வழங்கப்பட்ட வெள்ளிப் பதக்கத்தை எடுத்துப் பாருங்கள். முகத்தில் மன்னரின் தலை. விளிம்பைத் திருப்பினால், பொடி எழுத்தில், படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு. மாதம் 11 ரூபாய் சம்பளப் பட்டியலிலும் பெயர் உண்டு. வேலை வாங்கப் பெயர் வேண்டும். கூலி கொடுக்கப் பெயர் வேண்டும். தண்டிக்கப் பெயர் வேண்டும். கல்லில் வெட்டும்போது மட்டும் பெயர் வேண்டாம். மறதி அன்று இது. மதிப்பீடு!

ஈராக்கிலே, பாஸ்ரா நினைவுச் சின்னத்திலும் இதே கதைதான். மெசபடோமியப் போரில் புதைகுழியும் இன்றி மறைந்த 40,000க்கும் மேற்பட்டோருக்காக எழுப்பப்பட்டது அது. வெள்ளைச் சிப்பாய்க்குப் பெயர் பொறித்தனர். இந்திய அதிகாரிக்கும் பெயர் பொறித்தனர். இந்தியச் சிப்பாய்க்கு? படைப்பிரிவின் பெயருக்குக் கீழே ஓர் எண்ணிக்கை. அவ்வளவே. போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் ஆணையமே 2021இல் வெளியிட்ட அறிக்கையில் இதை ஒப்புக்கொண்டது. முதல் உலகப் போரில் மாண்ட ஆசிய, ஆப்பிரிக்கப் படையினருள் 45,000 முதல் 54,000 வரையிலானோர் மற்றவர்க்கு நிகராக நினைவுகூரப்படவில்லை என்று எழுதி, வருத்தமும் தெரிவித்தது. மாண்டு நூறாண்டு கழித்து மன்னிப்பு வந்தது. மன்னிக்க வேண்டியவன்தான் மண்ணாகிவிட்டான்.

அந்தப் போரில் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து சென்றவர் ஏறத்தாழ 13 லட்சம் பேர். மாண்டவர் 74,000 பேர் அளவில். அனுப்பியவன் அன்னியன் மட்டுமா? அகிம்சையின் திருவுருவமாகப் போற்றப்படும் காந்தியாரே 1918இல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் ஊர் ஊராக நடந்து படைக்கு ஆள் திரட்டினார். இரத்தம் கொடுத்தால் உரிமை கிடைக்கும் என்று நம்பினர். மறு ஆண்டு கிடைத்தது ரௌலட் சட்டமும் ஜாலியன்வாலா பாக்கும்.

ஒன்றை எண்ணிப் பாருங்கள். 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு ஜெர்மானியக் கப்பல் ஒன்று சென்னைத் துறைமுகத்தருகே வந்து எண்ணெய்க் கலங்களின் மேல் குண்டு வீசிவிட்டுப் போயிற்று. சில நிமிட வேலை. அந்தக் கப்பலின் பெயர் இன்றும் நம் நாவில் வாழ்கிறது. சாமர்த்தியக்காரனைக் கண்டால் "எம்டன்" என்கிறோம்! குண்டு வீசிய கப்பலின் பெயர் தமிழிலே சொல்லாகிவிட்டது. குண்டடி பட்ட தமிழனின் பெயர் அவன் கொள்ளுப்பேரனுக்கே தெரியவில்லை!

இது நம் மரபா? அன்று!

வீரன் மாண்டால் கல் நடுவது தமிழர் வழக்கம். கல்லைத் தேர்வது முதல் வாழ்த்துவது வரை ஆறு நிலை வகுத்தது தொல்காப்பியம். நடுகற்கள் செங்கம் வட்டாரத்திலே செறிந்து கிடக்கின்றன. வேலூரிலிருந்து நெடுந்தொலைவு அன்று. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு கல். மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், ஏழாம் நூற்றாண்டில், நடப்பட்டது. ஆநிரை காத்து விழுந்த கருந்தேவகத்தி என்பானின் பெயரைச் சொல்லுகிறது அது. அதோடு நிற்கவில்லை. அவன் பக்கத்தில் நின்று கள்வரைக் கடித்துக் காவல் காத்த நாயின் உருவத்தையும் செதுக்கி, அதன் பெயர் கோவிவன் என்றும் எழுதி வைத்திருக்கிறது.

நாய்க்கும் பெயர் பொறித்தவன் நம் முன்னோன். மனிதனுக்கு எண் மட்டும் கொடுத்தது ஏகாதிபத்தியம். இந்த இரண்டு கற்களுக்கும் நடுவே நின்றுகொண்டு, தட்டியில் சிங்கம் வரைவோரைக் கேட்கிறோம்: உங்கள் கல் எது?

"நாங்கள் போர்க்குடி" என்கிறார்களே, அந்தப் பட்டம் எங்கிருந்து வந்தது தெரியுமா? வெள்ளைக்காரன் கையேட்டிலிருந்து! 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாயிருந்த ராபர்ட்ஸ், பிறகு இந்தியப் படை முழுமைக்கும் தலைவரானார். தென்னாட்டான் போருக்குத் தகுதியற்றவன், வடமேற்கில் உள்ள சில இனங்களே 'வீர இனங்கள்' என்ற கோட்பாட்டை வளர்த்தவருள் முதன்மையானவர் அவர். சென்னைக் காலாட்படைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கலைக்கப்பட்டன. முதல் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டது. தென்னாட்டான் மறுபடி வீரனானான். போர் முடிந்தது, 1928இல் மதராஸ் படைப்பிரிவின் எஞ்சிய பகுதியும் கலைந்தது. இரண்டாம் உலகப் போர் மூண்டது. மீண்டும் அழைத்தனர், மீண்டும் வீரனானான்!

வீரம் குருதியில் ஓடுகிறதென்றால், அது ஏன் இலண்டனின் தேவைக்கேற்ப ஏறியும் இறங்கியும் ஓடிற்று? ஆள் வேண்டும்போது நீ போர்க்குடி, வேண்டாதபோது நீ கூலிக்குடி. எசமானன் எழுதியும் அழித்தும் விளையாடிய ஒரு பட்டத்தை, அவன் போன பிறகும் நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரிவது பெருமையா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காலாட்படைகள் கலைந்த அந்தக் காலத்திலும் மதராஸ் சப்பர்ஸ் என்னும் பொறியியல் படை நிலைத்து நின்றது. பாலம் கட்டியது, பாதை வெட்டியது. 1917 பிப்ரவரியில் மெசபடோமியாவின் ஷும்ரான் வளைவில், எதிரியின் குண்டு மழையினூடே டைகிரிஸ் ஆற்றைக் கடந்த போரில் அதற்குப் பங்கு உண்டு. அந்தப் படையில் யார் இருந்தனர்? ஊரில் எவனைத் தீண்டலாகாது என்று ஒதுக்கினரோ, அந்தப் பறையர் குடியிலிருந்து வந்தோர் பெருந்தொகையினர். டைகிரிஸ் ஆற்றை அவன் கடக்கலாம். அக்கிரகாரத் தெருவைக் கடக்கலாகாது! பாக்தாத் வரை போனவனுக்குப் பக்கத்துத் தெருக் கிணறு தூரமாயிருந்தது. இதுதான் 'ஆண்ட பரம்பரை' நாட்டின் உண்மை வரலாறு.

வேலூர்க் கோட்டையையும் விட்டுவிட முடியாது. 1806 ஜூலை 10ஆம் நாள் விடியுமுன் அங்கே சிப்பாய்கள் எழுந்தனர். 1857க்கு அரை நூற்றாண்டு முன்பே எழுந்த புரட்சி அது. காதணியைக் கழற்று, நெற்றிக் குறியை அழி, தாடியை மழி, தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகையை அணி என்றது ஆணை. மறுத்தவனுக்குக் கசையடி. திப்புவின் மக்கள் சிறையிருந்த அந்தக் கோட்டையிலே கொதித்தெழுந்த சிப்பாய்களை, ஆற்காட்டிலிருந்து விரைந்து வந்த கில்லஸ்பியின் குதிரைப்படை நூற்றுக்கணக்கில் கொன்று குவித்தது. ஆணை பின்னர் திரும்பப் பெறப்பட்டது. ஆளுநர் பெண்டிங்கும் தளபதி கிரடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டனர்.

அந்த வீரர்களுக்கு நாம் தலைவணங்குகிறோம். ஆனால் பகுத்தறிவாளர் வணங்கும்போதும் கண் மூடுவதில்லை. அன்னியனின் அதிகாரத்தை எதிர்த்தது அறம். தோல் பட்டால் தீட்டு என்ற எண்ணமும் அந்தக் கோபத்தில் கலந்திருந்ததே, அது அறமன்று. நம் முன்னோர் வீரர். நம் முன்னோர் தம் காலத்துச் சங்கிலியையும் அணிந்திருந்தனர். இரண்டையும் சேர்த்துச் சொல்வதே வரலாறு. ஒன்றை மட்டும் சொல்வது புராணம்.

தீட்டென்று சொன்னார்களே, அந்தத் தோல்தான் பின்னர் இந்தச் சீமைக்குச் சோறிட்டது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று பாலாற்றங்கரை நெடுகத் தோல் ஷாப்புகள் எழுந்தன. ஆவாரம்பட்டையும் சுண்ணாம்பும் கொண்டு பதனிட்ட தோல் கப்பலேறியது. முதல் உலகப் போரின்போது, 1916 முதல், சென்னை மாகாணத்துப் பதனிட்ட மாட்டுத்தோலைப் படைவீரரின் காலணிக்காகப் பிரிட்டிஷ் போர்த்துறை வாங்கிக் குவித்தது. மாகாணத்தின் மகனும் போருக்குப் போனான். மாகாணத்தின் மாட்டுத்தோலும் போருக்குப் போனது. தோலைத் தொட்டவன் தீண்டத்தகாதவன். தோல் விற்ற காசு மட்டும் எந்த உண்டியலிலும் தீட்டாகவில்லை!

போரிலிருந்து மீண்ட உழவன் என்ன ஆனான்? மணிக்கூண்டுக் கல் சொல்லாத மற்றொரு கதை அது. 277இல் 14ஐக் கழித்தால் 263. அந்த 263 பேர் திரும்பினர். பலர் மறுபடி நிலத்துக்கே வந்தனர். பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டினால் நீர் கிடைத்த காலம். கிணறும் கமலையும் நெல்லும் கரும்பும் தென்னையும் அவர்களின் இரண்டாம் போர்க்களம்.

1970களில் அரைப்பதன் தோலை ஏற்றுமதி செய்வதற்கு மைய அரசு கட்டுப்பாடு விதித்தது. முழுப்பதன் தோலும் காலணியும் பெருகின. அவற்றோடு குரோமியமும் உப்பும் பெருகின. கழிவு நீர் பாலாற்றில் இறங்கியது. ஆற்றிலிருந்து கிணற்றுக்கும், கிணற்றிலிருந்து பயிரின் வேருக்கும் பரவியது. வேலூர் குடிமக்கள் நலப் பேரவை 1991இல் உச்ச நீதிமன்றம் சென்றது. 1996 ஆகஸ்ட் 28ஆம் நாள் வந்த தீர்ப்பு, தோல் தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முற்றுமோ பயிருக்கு உதவாததாகிவிட்டது என்ற ஆய்வை எடுத்துக்காட்டியது. மாசு செய்தவனே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை நாட்டின் சட்டமாக்கியது. 28 ஆண்டுக்கு மேல் கழிந்து, 2025 ஜனவரியில், அதே பாலாற்றுக்காக அதே உச்ச நீதிமன்றம் மறுபடியும் இழப்பீட்டுக்கு ஆணையிட வேண்டியிருந்தது. தீர்ப்பு வந்தது, தண்ணீர் வரவில்லை.

துருக்கியனின் குண்டுக்குத் தப்பி வந்தவனின் நிலம், தன் ஊர்க் கழிவுக்குத் தப்பவில்லை. 'விதி' என்பார் புரோகிதர். 'கிரகம்' என்பார் சோதிடர். உப்பும் குரோமியமும் எந்தக் கட்டத்தில் இருக்கின்றன என்று அவரைக் கேளுங்கள்!

இதைச் சொல்லும்போது, உழவனைத் தொழிலாளிக்கு எதிராகத் தூண்டிவிட ஒரு கூட்டம் வரும். மதத்தின் பெயரால் மூட்டிவிட மற்றொரு கூட்டம் வரும். இரண்டையும் விரட்டுங்கள். தோல் ஷாப்பிலே தொட்டிக்குள் இறங்குபவனும், காலணித் தொழிற்சாலையிலே தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருக்கும் தங்கையும், அந்த உழவனின் பேரனும் பேத்தியும்தான். நிலம் போனதால் அங்கே போனவர்கள் எத்தனை பேர்! 2015 ஜனவரி 31ஆம் நாள் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்தது. உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வயிற்றுப் பிழைப்புக்காக வந்தவர்கள். அவர்களின் பெயர் எத்தனை பேர் நினைவில் இருக்கிறது? '10 பேர் பலி' என்பதே நினைவிருக்கிறது. மணிக்கூண்டுக் கல்லின் மொழியை நாமும் கற்றுக்கொண்டோம், பார்த்தீர்களா!

கல்லில் பெயர் இருந்தால் என்ன வந்துவிடும் என்று கேட்போருக்கு ஒரு சான்று. மராட்டியத்தில் கோரேகாவ் என்னும் ஊரில், 1818 ஜனவரி 1ஆம் நாள் போரில் விழுந்தோர்க்கு ஒரு தூண். அதிலே பெயர்கள் உண்டு. அவற்றுள் மகர் வீரர்களின் பெயர்களும் உண்டு. 1927 ஜனவரி 1ஆம் நாள் அங்கே சென்று நின்றார் அண்ணல் அம்பேத்கர். படையில் சுபேதாராகவும் படைப் பள்ளியில் ஆசிரியராகவும் பணியாற்றியவரின் மகன் அவர். அந்தப் பெயர்களைப் படித்தவர் 'நாங்களும் ஆண்டோம்' என்று பாடினாரா? 'எங்களுக்கும் உரிமை உண்டு' என்றார். அதே ஆண்டில் மகாத் குளத்து நீரை அள்ளிக் குடித்தார். முன்னோரின் நினைவு மேலே ஏறி உட்காரும் பல்லக்கு அன்று. சங்கிலியை அறுக்கும் அரம்.

நம் இயக்கமும் வழி காட்டியிருக்கிறது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னே வரும் சாதிப் பட்டத்தை விட்டொழிக்கத் தீர்மானித்தது. வாலை அறுத்தது ஏன்? பெயர் விளங்க வேண்டும் என்பதற்காக! சாதிப் பட்டம் ஒட்டிய பெயர் மனிதனின் பெயரன்று, மந்தையின் சூட்டுக்குறி. வெள்ளையன் எண் போட்டு மறைத்தான். சாதிக்காரன் பட்டம் போட்டு மறைக்கிறான். இரண்டிலும் காணாமற்போனவன் மனிதன்தான்.

ஆகவே, தோழர்களே, குடும்ப வரலாறு எழுதுங்கள். வேலூருக்கு அருகே 'ராணுவப்பேட்டை' என்றே பெயர் பெற்ற கம்மவான்பேட்டையில் மட்டுமன்று, ஒவ்வோர் ஊரிலும் எழுதுங்கள். சாதகக் கட்டைப் புரட்டாதீர்கள். குலகுருவின் செப்பேட்டுக் கதையை நம்பாதீர்கள். தகரப் பெட்டியைத் திறவுங்கள். படைவிடுப்புச் சான்றைப் படியுங்கள். ஓய்வூதியப் புத்தகத்தைப் படியுங்கள். பட்டா, சிட்டா, அடங்கல் பாருங்கள். நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று என்று அவை சொல்லும். 1892இல் ஒடுக்கப்பட்டோர்க்கென ஒதுக்கிய பஞ்சமி நிலம் ஊரில் எங்கே இருந்தது, இன்று எவர் உழுகிறார் என்றும் தேடுங்கள். அந்தப் பதில் சுவைக்காவிட்டாலும் எழுதுங்கள். வெள்ளிப் பதக்கம் அடகுக்கடையில் உருகிப்போகாமல் எஞ்சியிருந்தால், முகத்தை விட்டு விளிம்பைப் பாருங்கள். அங்கேதான் உங்கள் பாட்டன் இருக்கிறான்.

பாட்டியை மறவாதீர்கள்! அவன் பாஸ்ராவில் இருந்த ஆண்டுகளில் ஏர் பிடிக்க ஆள் தேடியவள் யார்? கடன்காரனுக்குப் பதில் சொன்னவள் யார்? அஞ்சல்காரன் கொண்டுவரும் தாளை நடுங்கும் கையோடு வாங்கி, படிக்கத் தெரிந்தவனைத் தேடி ஓடியவள் யார்? எந்தக் கல்லிலும் அவளுக்கு எண்கூட இல்லை. வம்சாவளி என்று ஆண்களின் பெயரை மட்டும் அடுக்கி எழுதுகிறீர்களே, அது பாதிக் குடும்பத்தின் வரலாறு, பாதிப் பொய்.

அரசையும் கேட்போம். 2019இல் பழைய வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாயிற்று. மூன்று மாவட்டத்திலும் இத்தகைய கற்கள் எங்கெங்கே உள்ளன எனக் கணக்கெடுக்கட்டும். படைத்துறைப் பதிவேடுகளில் தந்தை பெயரும் ஊர்ப் பெயரும் குறிக்கப்பட்டவர் பலர் உண்டு. அவற்றைத் தேடி எடுத்து, பழைய கல்லின் பக்கத்திலே புதிய கல் ஒன்று நடட்டும். அதில் 14 பேரின் பெயரும் வரட்டும்; 277 பேரின் பெயரும் வரட்டும். தமிழில் வரட்டும், சாதிப் பட்டமின்றி வரட்டும்.

தட்டியில் இருப்பவரை இறக்குங்கள். அவர் கையிலுள்ள பொய் வாளை வாங்கிவிட்டு அவருடைய ஏரை அவரிடம் கொடுங்கள். உழுத பரம்பரை என்று சொல்ல நமக்கு வெட்கமில்லை. மாண்ட பரம்பரை என்று சொல்ல நமக்கு அச்சமில்லை. ஆண்டு கொழுத்தவன் எவனோ, அவன் வெட்கப்படட்டும்!